குடும்பத்துக்கு முதல் கையடக்கக் கேமரா: 800 சிங்கப்பூர் வெள்ளிக்குள் எதை வாங்கலாம்?

மலர்_பொங்கோல்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தொடக்கநிலை 3-ல் பையன், பாலர் பள்ளியில் பெண். கைப்பையில் அடங்குகிற தனிக் கேமரா ஒன்று வேண்டும். லென்ஸ் மாற்றும் வகை வேண்டாம். மாமியாரும் எடுப்பார், பொத்தானை அழுத்தினால் படம் ஒழுங்காக வந்துவிட வேண்டும். எடுக்கப்போகும் இடங்கள்: இரவில் வீட்டு ஹால், பள்ளிக் கலைநிகழ்ச்சி, வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் அல்லது செந்தோசா கடற்கரை. 800 வெள்ளி வரை போகலாம். கடையில் 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இதில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

மூன்றாங்கண்:
அந்த இரண்டு எண்ணையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். 4ஆர் அளவு, அதாவது 4க்கு 6 அங்குலப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சாக 1200க்கு 1800 புள்ளி போதும். கணக்குப் போட்டால் 2.2 மெகாபிக்சல்கூட இல்லை. 8க்கு 12 அங்குலத்துக்கு 8.6 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் ஏ3 அளவுக்கே 17 சொச்சம்தான். இன்று விற்கிற எந்தக் கேமராவிலும் மெகாபிக்சல் குறை கிடையாது.

பார்க்க வேண்டியது இரண்டு: சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) அளவு, லென்ஸின் துளை (ஒளி நுழையும் வழி). கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலானவை 1/2.3 அங்குல சென்சார். நிஜ அளவு சுமார் 6.2க்கு 4.6 மி.மீ. சின்ன விரல் நகத்தைவிடச் சிறியது. அடுத்த படி '1 அங்குல' சென்சார், 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் 4 மடங்கு, அதே அளவுக்கு வெளிச்சத்தையும் கூடுதலாக வாங்கும்.

துளை விஷயம் லென்ஸ் வளையத்திலேயே அச்சிட்டிருக்கும், கடையில் அதைப் படியுங்கள். கேனன் இக்ஸஸ் 285-ல் 3.6-7.0 என்றிருக்கும். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-ல் 1.8-2.8. முதல் எண் ஜூம் இல்லாதபோது, இரண்டாவது முழு ஜூமில். எண் சிறிதானால் துளை பெரிது. 3.6-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்தில் 4 மடங்கு வித்தியாசம்.

இதை உங்கள் ஹாலுக்குக் கொண்டு வருகிறேன். இரவில் குழல்விளக்கு மட்டும் எரிகிற வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் ஏறத்தாழ 100 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு, 1600-ல் எஃப்1.8 (எஃப் என்பது அந்தத் துளை எண்) லென்ஸுக்கு ஷட்டர் வேகம், அதாவது படம் பதிய எடுக்கும் நேரம், 1/200 நொடி கிடைக்கும், எஃப்3.6 லென்ஸுக்கு 1/50தான். உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு 1/50 போதும். சோபாவில் குதிக்கிற பிள்ளைக்கு 1/250 பக்கம் வேண்டும். அதற்குக் கீழே போனால் கை, முகம் எல்லாம் இழுத்துக் கலங்கிவிடும். 'இதில் ஸ்டெடி ஷாட் இருக்கிறது' என்று கடைக்காரர் சொல்வார். அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பிள்ளை ஓடுவதை நிறுத்தாது. வீட்டுப் படங்கள் வீணாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பீஷான்காரன்:
மூன்றாங்கண் அண்ணன் சொன்னது ஹாலுக்குச் சரி. ஆனால் பள்ளி அரங்கத்தை விட்டுவிட்டாரே. மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 70 மி.மீ. (லென்ஸின் குவிய நீளம், எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்) வரை மட்டும் போகும் லென்ஸில் படச்சட்டத்தின் உயரம் 5.1 மீட்டர். 1.3 மீட்டர் உயரப் பையன் அதில் கால்வாசி, மீதியெல்லாம் திரைச்சீலை. 200 மி.மீ. இருந்தால் சட்டத்தின் உயரம் 1.8 மீட்டர், பையன் தலையிலிருந்து கால்வரை நிறைவாக நிற்பான். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். 20 மெகாபிக்சலில் அந்த ஒரு பிள்ளையை மட்டும் வெட்டினால் ஒன்றிரண்டு மெகாபிக்சல்தான் மிஞ்சும். அதனால் ஜூமை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். லென்ஸே நகர்ந்து தரும் ஆப்டிக்கல் ஜூமை மட்டும் எண்ணுங்கள், படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை வாங்கிய அன்றே மெனுவில் அணைத்துவிடுங்கள்.

மூன்றாங்கண்:
தம்பி சொல்வது நியாயம். ஆனால் எந்த ஜூம் என்பது முக்கியம். கேனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 24-960 மி.மீ. போகும், முழு ஜூமில் துளை எஃப்6.9, சென்சார் சின்னது. பகலில் மண்டாய் பறவைகள் சொர்க்கத்தில் அருமையாக எடுக்கும். மங்கலான மேடையிலோ ஐஎஸ்ஓ 3200-க்கு ஏறி, முகத்தில் மெழுகு பூசினாற்போல் வரும். 1 அங்குல சென்சாரில் 24-200 மி.மீ. தருவது ஆர்எக்ஸ்100 மார்க் 7, 2019-ல் வந்தது. முழு ஜூமிலும் எஃப்4.5தான். எஃப்6.9-ஓடு ஒப்பிட்டால் துளையிலேயே இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம், சென்சாரில் இன்னொரு 4 மடங்கு. குறை விலைதான்: புதியது 1000 வெள்ளியைத் தாண்டிவிடும்.

நடுவில் நிற்பது கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2, 2016-ல் வந்தது. 24-100 மி.மீ., எஃப்1.8-2.8, 1 அங்குலம். மலர் அவர்களின் பட்டியலில் ஹால் வாரம் முழுக்க, அரங்கம் வருடத்துக்கு இரண்டு முறை. முன்வரிசைக்கு 15 நிமிடம் முன்னால் போய்விட்டால் 100 மி.மீ. சமாளித்துக்கொள்ளும். இருட்டான லென்ஸை வைத்துக்கொண்டு ஹாலில் ஒன்றும் செய்ய முடியாது. என் ஓட்டு வெளிச்சத்துக்கே.

பீஷான்காரன்:
அது சரிதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ஜி7எக்ஸ் வகையில் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. நண்பகல் ஈஸ்ட் கோஸ்ட் வெயிலில் திரை வெளுத்துப்போகும், அனுமானத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆர்எக்ஸ்100 மார்க் 3-லிருந்து மேலெழும்பும் சின்ன வியூஃபைண்டர் உண்டு.

மலர்_பொங்கோல்:
நல்ல கைபேசி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

மூன்றாங்கண்:
அவர் கேட்பது நல்ல கேள்வி. 1/2.3 அங்குலக் கேமராவை இரவுப் படத்துக்கு என்று வாங்கினால் காசு வீண். இன்றைய கைபேசி பல படங்களை அடுக்கிச் சேர்த்து அதைவிட நன்றாகவே தரும்.

கேமரா முந்துவது மூன்று இடங்களில். ஒன்று, உண்மையான ஜூம். இரண்டு, செனான் ஃப்ளாஷ். கைபேசியில் இருப்பது எல்இடி விளக்கு, அது ஓடும் பிள்ளையை உறைய வைக்காது. செனான் ஃப்ளாஷ் 1/1000 நொடி, அதற்கும் குறைவான நேரத்தில் மின்னி மறையும். துள்ளுகிற பிள்ளை அப்படியே நிற்கும். ஆர்எக்ஸ்100-லும் ஜி7எக்ஸ் மார்க் 2-லும் மேலெழும்பும் ஃப்ளாஷ் தலையை ஒரு விரலால் மெல்லப் பின்னுக்குச் சாய்த்துக் கூரையைப் பார்க்க வைக்கலாம். வீவக வீட்டுக் கூரை வெள்ளை, உயரமும் 2.6 மீட்டர் அளவுதான், ஒளி அங்கே மோதிப் பரவலாகக் கீழே இறங்கும். ஐஎஸ்ஓவை 800-ல் வையுங்கள், அந்தச் சின்ன ஃப்ளாஷுக்கு அவ்வளவு துணை வேண்டும். நேராக அடித்தால் வருகிற சிவந்த கண்ணும் பின்சுவர் நிழலும் இதில் வராது. இக்ஸஸ் போன்றவற்றில் ஃப்ளாஷ் உடலோடு பொருந்தியது, சாய்க்க முடியாது.

மூன்றாவது, பாட்டி கையிலும் பையன் கையிலும் தயங்காமல் கொடுக்கலாம். படம் எடுக்கும்போது யாரும் அழைக்க மாட்டார்கள்.

வீடியோ_வேலு:
வீடியோவும் எடுப்பீர்கள் என்றால், வாங்கும் முன் ஒரு சோதனை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி விளக்குகளும் பழைய குழல்விளக்குகளும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 60பி-யில், அதாவது நொடிக்கு 60 படமாக, எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் உருண்டுபோகும். பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி 25பி அல்லது 50பி-யில், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் நின்றுவிடும்.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஜப்பான் சந்தைக்கென்று வந்த சோனிகளில் பால் மாற்றும் வசதியும் இருக்காது, மெனுவும் ஜப்பானிய மொழியில் மட்டும். விலை குறைவு என்று எக்ஸ்போர்ட் செட் (வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தது) எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கடையிலேயே மெனுவைத் திறந்து ஆங்கிலம் இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லோக்கல் செட்டில் பால் போட்டே வரும். அதை 60பி தரும் என்டிஎஸ்சி முறைக்கு மாற்றினால் சோனி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைத் திரையில் நினைவூட்டும், பயப்பட வேண்டாம்.

செந்தோசா_அலை:
கடற்கரைக்கு ஜி7எக்ஸை எடுத்துப் போகாதீர்கள். ஒரு மணல் துகள் லென்ஸ் குழாயின் இடுக்கில் போனால் போதும், 'லென்ஸ் எரர்' என்று பாதி நீண்ட நிலையில் நின்றுவிடும். பழுது பார்க்கும் கூலி கேமராவின் விலையில் பாதியைத் தொடும்.

நீர், மணலுக்கென்றே இருப்பது ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 2023-ல் வந்தது. 15 மீட்டர் ஆழம் தாங்கும், 2.1 மீட்டரிலிருந்து விழுந்தாலும் தாங்கும். லென்ஸ் உள்ளேயே நகரும், வெளியே நீளாது, மணல் போக வழியே இல்லை. 25-100 மி.மீ., எஃப்2-4.9. சென்சார் சின்னதுதான், மூன்றாங்கண் சொன்ன ஹால் கணக்கில் தோற்கும். ஆனால் நீச்சல்குளத்தில் வேறெதுவும் ஜெயிக்காது.

இதில் தண்ணீர் புகுந்து கெட்டவை பலவற்றிலும் தவறு மூடியில்தான். பேட்டரி மூடியின் உள்விளிம்பில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று ஓடும். அதன் மேல் ஒற்றைத் தலைமுடி குறுக்கே கிடந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக அமுங்காது, அதன் ஓரமாகத் தண்ணீர் ஏறும். ஒவ்வொரு தடவை மூடும் முன்பும் வளையத்தை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். முடி, மணல், துணி நார் எது தெரிந்தாலும் நார் உதிராத துணியால் துடையுங்கள். பூட்டு இரண்டு கட்டம், இரண்டும் விழுந்ததா பாருங்கள். கடலில் நனைந்தால் வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஊறப்போட்டு, துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே திறப்பது. ரப்பர் வளையத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மலர்_பொங்கோல்:
பழையது பார்க்கலாமா? 800 வெள்ளிக்கு 1 அங்குலம் புதிதாக வராது போலிருக்கிறதே.

பழசுவேட்டை:
பார்க்கலாம் அக்கா. சமூக ஊடகத்தில் ஜி7எக்ஸ் பெயர் அடிபட்டதிலிருந்து அதன் பழைய விலையும் ஏறிக் கிடக்கிறது. ஆர்எக்ஸ்100 மார்க் 3 அதே தரம், வியூஃபைண்டரும் உண்டு, அதைத் தேடுங்கள். பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் பழைய கேமரா விற்கும் கடைகள் வரிசையாக உண்டு.

கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: உங்கள் சொந்த எஸ்டி அட்டை, ஒரு சின்ன டார்ச். பார்க்கும் முறை இதுதான்.

ஐந்தாறு தடவை திறந்து மூடுங்கள், காதை அருகில் வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சத்தம்தான் வர வேண்டும். நறநற என்று அரைத்தாலோ, ஒரு கணம் தயங்கி நீண்டாலோ, உள்ளே தூசு அல்லது விழுந்த அடி. மூடும்போது லென்ஸின் முன்னால் உள்ள மெல்லிய தகடுகள் முழுசாகச் சேர வேண்டும். ஒரு தகடு பாதியில் நின்றால் சட்டைப்பை நூல் உள்ளே இருக்கிறது.

அடுத்து லென்ஸை நீட்டி வைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டுப் போகும் மெல்லிய கோடு தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், பேரம் பேசவே வேண்டாம்.

பிறகு வெள்ளைத் தாளை முழு ஜூமில், எஃப்11 அளவுக்குத் துளையைச் சுருக்கி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டு ஒரே இடத்தில் எல்லாப் படத்திலும் வந்தால் சென்சாரில் தூசு. கையடக்கக் கேமராவில் அதை நாமே துடைக்க முடியாது, முழுதாகப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, கடைக்கு வெளியே வந்து எதிரே ஜன்னல்கள் வரிசையாக உள்ள கட்டடம் ஒன்றை நேராக நின்று ஜூம் இல்லாமல் எடுங்கள். வீட்டில் வந்து வாங்குவதென்றால் எதிர் புளோக்கைவிட நல்ல சோதனை அட்டை இல்லை. நான்கு மூலை ஜன்னல் கம்பிகளையும் ஒப்பிட வேண்டும். இடது பக்கம் மட்டும் மங்கல் என்றால் லென்ஸ் கோணியிருக்கிறது, எங்கோ விழுந்திருக்கிறது. நான்கும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு, பாதகமில்லை.

கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம் துணைக்கு உண்டு. 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், கடைக்காரர் பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும். பழைய பொருளுக்கும் பொருந்தும், வயதையும் விலையையும் பொறுத்து. தனியாளிடம் இணையத்தில் வாங்கினால் அது கிடையாது. அந்த 50, 60 வெள்ளி மிச்சத்துக்கு அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாங்கண்:
பழசுவேட்டை சொன்னதில் ஒரு சொல்லும் வீணில்லை. 2005 முதல் 2010 வரை வந்த, சிசிடி என்ற பழைய வகை சென்சார் கொண்ட கேமராக்கள் இப்போது பிள்ளைகளிடம் பிரபலம், குடும்பத்துக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஒலிம்பஸ், ஃபுஜிக்கு எக்ஸ்டி அட்டை, பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக். 2006-க்கு முந்தையவை பல 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டியையே படிக்காது.

புதிதாக எடுக்கும் கேமராவுக்கு 64 ஜிபி, மேலே வி30 (வீடியோவுக்கான வேகக் குறியீடு) என்று அச்சிட்ட அட்டை ஒன்று போதும். 7 எம்பி படம் என்றால் 8000-க்குக் குறையாமல் கொள்ளும். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி, ஏறத்தாழ 85 நிமிடம். அட்டையைக் கணினியில் அல்ல, கேமராவுக்குள் ஃபார்மட் செய்யுங்கள். பேட்டரி இரண்டாவது ஒன்று கட்டாயம்: மார்க் 7-க்கு ஒரு சார்ஜில் 260 படம், ஜி7எக்ஸ் மார்க் 2-க்கு 265, அதுவும் சோதனைக்கூடக் கணக்கு. ஆர்எக்ஸ்100 எல்லா மாடலுக்கும் ஒரே என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி என்பது வசதி. விமானத்தில் போகும்போது உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக்கூடாது.

ஈரக்காற்று:
இந்த ஊரில் கேமராவைக் கொல்வது ஈரம், அதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை முளைக்க வழி. இங்கே சராசரியே 80-க்கு மேல். துணி அலமாரிக்குள் தோல் உறையில் போட்டு வைப்பதுதான் மிக மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஈரம் நீக்கும் டிரை கேபினட் வாங்க வேண்டியதில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உணவுப் பெட்டி, சின்ன ஈரமானி, 100 கிராம் சிலிக்கா ஜெல். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் உள்ளே தடவிய பசையும் காய்ந்துபோகும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். ஈரம் குடித்தால் பச்சையாகும், அவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். அலமாரிக்கு வைக்கும் தண்ணீர் சேரும் டப்பாவையும் கேமராப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் உப்புநீர்.

இன்னொன்று பனி பிடிப்பது. வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) இங்கே பெரும்பாலும் 24 பாகை. ஏர்கானை 22-ல் போட்டுத் தூங்கிய அறையில் இருந்த கேமரா வெளியே வந்த கணமே வியர்க்கும். குளிரூட்டிய கிளவுட் ஃபாரெஸ்ட் தோட்டத்திலிருந்து வெளியே வந்து லென்ஸ் வெள்ளைப் படலமாவது இதனால்தான். உடனே துணியால் துடைக்காதீர்கள், லென்ஸை உள்ளே இழுக்கவும் வேண்டாம். ஈரம் குழாய்க்குள் போய்விடும். குளிர்ந்த இடத்தில் இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து 20, 30 நிமிடம் கழித்துத் திறங்கள். பனி பையின் மேல் படியும், கேமராவின் மேல் அல்ல.

மலர்_பொங்கோல்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆர்எக்ஸ்100 மார்க் 3 பழையது, கடையில், டார்ச்சோடு போகிறேன். கடற்கரைக்குக் கைபேசியே போதும் என்று முடிவு. ஒரே கேள்வி பாக்கி: மாமியாருக்கு எப்படி அமைத்துக் கொடுப்பது?

மூன்றாங்கண்:
மேல் சக்கரத்தைப் பச்சை ஆட்டோவில் வைத்து, அந்த நிலை எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒருமுறை காட்டுங்கள். பைக்குள் உரசி அது நகர்ந்துவிடும். முகம் கண்டுபிடிக்கும் வசதியைப் போட்டு, டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் முகத்தில் வந்த பிறகு முழுசாக அழுத்தப் பழக்குங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கும் முன்னே பிள்ளை திரும்பிவிடும்.

பிள்ளைகள் ஓடும்போது நீங்கள் எடுப்பதென்றால் எஸ் நிலைக்கு (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது) மாற்றி 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோவின் மேல்வரம்பு 3200. 4ஆர் அச்சில் அதனால் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் கண்ணில் படாது. தேதி, நேரம், மணி மண்டலம் மூன்றையும் முதல் நாளே சரிபாருங்கள். பழைய கேமராவில் பேட்டரி தீர்ந்து கிடந்தால் கடிகாரம் தொடக்கத்துக்குப் போயிருக்கும், படங்கள் எல்லாம் தவறான ஆண்டில் போய் உட்காரும். கையில் மாட்டும் கயிறு இல்லாமல் அவரிடம் கொடுக்காதீர்கள். ஆர்எக்ஸ்100-ன் உடல் வழவழப்பு, வியர்த்த கையில் நிற்காது.

பழசுவேட்டை:
கயிற்றை வாங்கும் கடையிலேயே கேளுங்கள் அக்கா, பழைய செட்டுகளோடு பெரும்பாலும் சும்மா தருவார்கள். அசல் சார்ஜர் இல்லை என்றால் மைக்ரோ யூஎஸ்பி கம்பி போதும், கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏறும்.